1,40,000 சொல்லில் முதல் வரைவு: எங்கிருந்து திருத்த ஆரம்பிப்பது?

தாழ்வாரம் (கேள்வி):

நாவலின் முதல் வரைவு முடிந்தது. 1,40,000 சொல், 31 அத்தியாயம். குடும்பக் கதை, கதை நடக்கும் காலம் ஒன்றரை வருடம். திருத்த உட்கார்ந்தால் முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. எட்டு முறை திருத்தியாயிற்று. ஒவ்வொரு முறையும் வாக்கியம் அழகாகிறது, கதை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இன்னொன்று, முதல் 6 அத்தியாயமே 48,000 சொல் வருகிறது. நீளம் அதிகம் என்று தெரிகிறது, எதை எடுப்பது என்று தெரியவில்லை.

எந்த வரிசையில் திருத்துவது? பிழைதிருத்தம் எப்போது? பிறருக்குப் படிக்கக் கொடுப்பது எந்தக் கட்டத்தில்? பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் கோப்பில் என்னென்ன சரியாக இருக்க வேண்டும்? வேர்டில், யூனிகோடில் எழுதியது. நான்கு அத்தியாயம் மட்டும் பழைய எழுத்துருவில் அடித்து, பிறகு மாற்றியவை.


அடித்தல்திருத்தல்:

முதல் அத்தியாயத்தை மூடி வையுங்கள். அது கதையில் இருக்கப்போகிறதா என்பதே இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் எட்டு முறை மெருகு போட்டாயிற்று. இனி அதை வெட்ட மனம் வராது. வாக்கியத்தை முதலில் திருத்துவதில் இருக்கிற ஆபத்து இதுதான். பளபளவென்று இருக்கிற பத்தியை யாரும் தூக்கி எறிவதில்லை, அது அங்கே தேவையே இல்லாவிட்டாலும்.

வரிசை எப்போதும் பெரியதிலிருந்து சின்னதுக்கு: முதலில் காட்சி, பிறகு பத்தி, பிறகு வாக்கியம், கடைசியில் எழுத்து. ஒரு கட்டம் முடியாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது.

நான்கிலிருந்து ஆறு வாரம் கோப்பைத் திறக்காமல் இருங்கள். பிறகு முழுவதையும் நான்கைந்து நாளில் படித்து முடியுங்கள். கணினித் திரையில் வேண்டாம். அச்செடுத்தோ, மின்னூல் கருவியில் ஏற்றியோ படியுங்கள். எழுத்துருவையும் மாற்றிவிட்டால் இன்னும் நல்லது, கண் பழகிய வரியைத் தாவிப் போகாது. இந்த வாசிப்பில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாதீர்கள். ஓரத்தில் குறி மட்டும்: சலிப்புத் தட்டினால் கோடு, குழப்பமானால் கேள்விக்குறி, நம்ப முடியாவிட்டால் பெருக்கல் குறி, இதை முன்பே சொல்லிவிட்டோமே என்று தோன்றினால் வட்டம். நான்குக்கு மேல் குறி வைத்தால் படிப்பது நின்று வகைபிரிப்பது ஆரம்பமாகிவிடும்.

அடுத்தது காட்சிப் பட்டியல். ஒரு விரிதாளில் காட்சிக்கு ஒரு வரி. 1,40,000 சொல்லுக்கு எழுபது, எண்பது வரி வரும். பத்திகள் (நெடுவரிசைகள்) இவை: எண், இடம், நாளும் பொழுதும், யார் கண்வழி, அவருக்கு என்ன வேண்டும், முடிவில் என்ன மாறியது, சொல் எண்ணிக்கை. ஒரு வரி இப்படி இருக்கும்:

14 | மருத்துவமனை வராந்தா | செவ்வாய் இரவு | மருமகள் | மாமனாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் | வாங்க முடியவில்லை, ஆனால் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறாள் | 2,150

கடைசிக்கு முந்தைய பத்திதான் உயிர். ‘இருவரும் பழைய நாட்களைப் பற்றிப் பேசுகிறார்கள்’ என்று அங்கே எழுதினால் ஏமாற்றிக்கொள்கிறீர்கள் என்று அர்த்தம். அது நடந்தது, எதையும் மாற்றவில்லை. அப்படிப்பட்ட காட்சியில் தேவையான ஒரு தகவலோ ஒரு வரியோ இருந்தால் அதைப் பக்கத்துக் காட்சிக்குக் கடத்திவிட்டு, மற்றதை எடுத்துவிடலாம். அடுத்தடுத்த இரண்டு காட்சியில் ஒரே மாற்றம் நடந்தாலும் (அவள் அவனை நம்ப மறுக்கிறாள், மறுபடியும் நம்ப மறுக்கிறாள்) ஒன்று போதும். பலமானதை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் பலமாக இருக்கும், ஏனென்றால் முதலாவதை எழுதும்போதுதான் அது என்னவென்று நமக்கே புரிந்திருக்கும்.

உங்கள் 48,000. மொத்தத்தைக் கால்வாசியாகப் பிரித்தால் ஒரு பங்கு 35,000. 31-இல் 6 அத்தியாயம் என்பது ஐந்தில் ஒன்று. அது மூன்றில் ஒன்றுக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த இடத்தில் வீக்கம் என்றால் காரணம் அநேகமாக முன்கதை: தாத்தா எப்படி வந்தார், வீடு எப்படிக் கட்டப்பட்டது, யாருக்கும் யாருக்கும் ஏன் பேச்சில்லை. எழுதுகிறவருக்கு அது தேவைப்பட்டது. வாசகருக்கு அது 19ஆம் அத்தியாயத்தில் தேவைப்படும்.

செய்ய வேண்டியது: அந்த ஆறு அத்தியாயத்திலும் கதை தொடங்குவதற்கு முன்னால் நடந்த எல்லாவற்றுக்கும் ஒரு நிறம் பூசுங்கள். நிறம் பூசியதை அப்படியே வெட்டி ‘வெட்டியவை’ என்று தனிக் கோப்பில் போடுங்கள். பிறகு மிச்சத்தைத் தொடர்ச்சியாகப் படியுங்கள். எங்கே ஒரு தகவல் இல்லாமல் காட்சி புரியவே இல்லையோ, அங்கே மட்டும் அந்தக் கோப்பிலிருந்து எடுத்து வந்து, இரண்டு மூன்று வாக்கியமாகச் சுருக்கி ஒட்டுங்கள். வெட்டியதில் பாதிகூடத் திரும்பி உள்ளே வராது. தனிக் கோப்பு இருப்பதால் வெட்டுகிறபோது கையும் நடுங்காது.

வேர்டில் அத்தியாயத் தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணியை, அதாவது ஹெடிங் ஸ்டைலைக் கொடுத்துவிட்டால் நேவிகேஷன் பேனில் அத்தியாயங்களை அப்படியே இழுத்து இடம் மாற்றலாம். கோப்புப் பெயரில் தேதி போடுங்கள். ‘இறுதி’, ‘இறுதி_புதுசு’, ‘உண்மையான_இறுதி’ என்று வைத்தால் எந்த இறுதியில் 22ஆம் அத்தியாயம் திருத்தப்பட்டது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும்.


நாழிகைவட்டில்:

மேலே சொன்ன பட்டியலில் ‘நாளும் பொழுதும்’ பத்தியை வாசகர்தானே, கவனிக்கமாட்டார் என்று விட்டுவிடாதீர்கள். குடும்பக் கதையில் முதலில் உடைவது அதுதான். ஒரு வெற்று நாள்காட்டியை எடுத்து, ஒன்றரை வருடத்துக்கும் காட்சி எண்களைத் தேதிகளில் எழுதுங்கள். மூன்றை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். கர்ப்பம்: சொன்ன நாளிலிருந்து பிரசவம் வரை வாரம் எண்ணுங்கள். வயது: ஒவ்வொருவரின் பிறந்த ஆண்டையும் ஓரத்தில் எழுதி, ‘அப்போது எனக்கு ஏழு வயது’ என்கிற பேச்சுகளோடு ஒப்பிடுங்கள். நிலவு: ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 29½ நாள். காட்சிக்கு அழகு என்று பத்து நாள் இடைவெளியில் இரண்டு முழுநிலவு காய்கிற நாவல்கள் நிறைய உண்டு.

காட்சிகளை இடம் மாற்றி முடித்தபிறகு இதை மறுபடி ஒருமுறை பாருங்கள். இடம் மாறிய காட்சியில் ‘நேற்று’, ‘போன வாரம்’, ‘அந்த மழைக்குப் பிறகு’ எல்லாம் பழைய இடத்தையே சுட்டிக்கொண்டிருக்கும்.


சிக்கனம்:

காட்சி வேலை முடிந்தபின் வாக்கியத்துக்கு வருவீர்கள். ஒரு பத்தியை வைத்துப் பார்க்கலாம்.

‘அவன் மிகுந்த கோபத்துடன் கதவைப் பலமாகத் தட்டினான். உள்ளிருந்து எந்தப் பதிலும் வராததால் அவனுக்கு எரிச்சல் ஏற்பட்டது. மீண்டும் ஒருமுறை கதவைத் தட்டிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று காத்துக்கொண்டிருக்க ஆரம்பித்தான்.’

22 சொல். திருத்தியது:

‘உள்ளங்கையால் கதவை அறைந்தான். பதில் இல்லை. மறுபடி அறைந்துவிட்டு நின்றான்.’

8 சொல். போனவை எவை என்று பாருங்கள். ‘மிகுந்த கோபத்துடன்’, ‘பலமாக’ இரண்டும் ‘அறைந்தான்’ என்ற வினைக்குள் போய்விட்டன. ‘எரிச்சல் ஏற்பட்டது’ என்று பெயர் சொல்லத் தேவையில்லை, இரண்டாவது அறையே அதைச் சொல்கிறது. ‘காத்துக்கொண்டிருக்க ஆரம்பித்தான்’ என்பது நான்கு வினை ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பது. காத்திருப்பதை எப்படி ‘ஆரம்பிப்பது’?

தேடல் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியவை: ஆரம்பித்தா, ஏற்பட்ட, முயற்சி செய் (முயன்றான் போதும்), திடீரென, ஏனோ, ஏதோ ஒரு, மெல்ல, ஒரு கணம், பெருமூச்சு, புன்னகை, தலையசை, தனது. ‘ஒரு’ மட்டும் தனி வழக்கு. ‘ஒரு நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டான்’ என்கிற அளவுக்குப் போயிருக்கும். எண்ணிக்கை தேவைப்படாத இடத்தில் எல்லாம் ‘ஒரு’வை எடுத்துப் பாருங்கள், வாக்கியம் உடனே தமிழாகிவிடும். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லவில்லை. எத்தனை தரம் வருகிறது என்ற எண்ணைப் பார்த்தாலே கை தானாகப் போகும்.

உரையாடலில் ‘என்றான்’ போதும். வினவினான், பகர்ந்தான், கர்ஜித்தான், முணுமுணுத்தபடி கூறினான் எல்லாம் வாசகரின் கண்ணைப் பேச்சிலிருந்து பேசியவர் பக்கம் திருப்பிவிடும். இருவர் மட்டும் பேசுகிற இடத்தில் நான்கைந்து பேச்சுக்கு ஒருமுறை அடையாளம் காட்டினால் போதுமானது. மூவர் என்றால் அடிக்கடி வேண்டும்.


மந்தமாருதம்:

சிக்கனம் அவர்களின் பட்டியல் சரி, எடுத்துக்காட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கதவு திறக்காமலே போகப்போகிறது என்றால், அவன் நிற்கிற நேரம்தான் காட்சி. 8 சொல்லில் அந்த நேரம் ஓடிப்போய்விடுகிறது. வெட்டிய இடத்தில் வேறு ஏதாவது வர வேண்டும்: உள்ளே ஓடுகிற மின்விசிறியின் சத்தம், கதவுக்கு அடியில் தெரிகிற வெளிச்சக் கோடு. வெட்டுவது பாதி வேலைதான். எந்தக் காட்சியில் வேகம் வேண்டும், எதில் நேரம் கனக்க வேண்டும் என்பதைப் பட்டியலிலேயே குறித்துக்கொண்டு, பிறகு கத்தரியை எடுங்கள். இல்லாவிட்டால் 31 அத்தியாயமும் தந்தி மாதிரி ஆகிவிடும்.


சிக்கனம்:

ஒப்புக்கொள்கிறேன். வெளிச்சக் கோடு நல்லது. ‘எரிச்சல் ஏற்பட்டது’ மட்டும் எந்த வேகத்திலும் வேண்டாம்.


தாழ்வாரம்:

முன்கதைக்கு நிறம் பூசிப் பார்த்தேன். முதல் 6 அத்தியாயத்தில் ஏறக்குறைய 21,000 சொல் நிறமாகிவிட்டது. வேலை எங்கே என்று தெரிந்துவிட்டது. வாசகர்கள் பற்றியும் பிழைதிருத்தம் பற்றியும் யாராவது சொல்லுங்கள். எட்டுப் பேர் படிக்கத் தயாராக இருக்கிறார்கள்.


நடுப்பக்கம்:

எட்டுப் பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். ஒருவர் ஒரு நாவலை முதல்முறையாக ஒருமுறைதான் படிக்க முடியும். நான்கு பேருக்குக் காட்சித் திருத்தம் முடிந்த பிரதி, மற்ற நான்கு பேருக்கு வாக்கியத் திருத்தமும் முடிந்த பிரதி. முதல் வரைவை யாருக்கும் கொடுக்க வேண்டாம். உங்களுக்கே தெரிந்த குறையைக் கண்டுபிடித்துச் சொல்ல இன்னொருவரின் பத்து மணி நேரம் எதற்கு?

‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு. எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எத்தனை நாள் கழித்து மறுபடி எடுத்தீர்கள்? யாரையும் யாரையும் குழப்பிக்கொண்டீர்களா? எந்தப் பத்தியைத் தாண்டிப் போனீர்கள்? பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள்? கடைசிக் கேள்விக்கு வருகிற பதில்தான் தங்கம். வாசகர் எதிர்பார்த்தது நீங்கள் எழுதாத ஒன்று என்றால், நீங்கள் அறியாமல் எங்கேயோ அதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

நான்கில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டினால் அந்த இடத்தை நம்புங்கள். அவர்கள் சொல்லும் வைத்தியத்தை நம்ப வேண்டியதில்லை. ‘20ஆம் அத்தியாயம் இழுக்குது, குறைங்க’ என்பார்கள். நோய் 17இல் இருக்கும், அங்கே ஆபத்து என்னவென்று சொல்லாமல் விட்டிருப்பீர்கள்.

அவர்கள் குறை சொல்லும்போது கதையை விளக்காதீர்கள். புத்தகம் வாங்குகிறவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.


ஒற்றுப்புள்ளி:

பிழைதிருத்தம் கடைசி. ஆனால் அதற்கான நடைக்குறிப்பை இன்றே தொடங்கிவிடுங்கள். ஒரு தாள் போதும், இரண்டு விதமாக எழுதத்தக்க ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முடிவு: கறுப்பா கருப்பா, வாழ்த்துகளா வாழ்த்துக்களா, மருத்துவரா டாக்டரா, எண்ணை எழுத்தால் எழுதுவதா இலக்கத்தாலா. (வாழ்த்துகள் சண்டையை இங்கே தொடங்க வேண்டாம். எதை எடுத்தாலும் கடைசிவரை ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள்.) கதைமாந்தர் பேச்சுக்குத் தனிப் பகுதி வேண்டும். ஒருவர் ‘சொல்றேன்’ என்பாரா, ‘சொல்லுறேன்’ என்பாரா? ‘போயிட்டு’ என்பாரா, ‘போய்ட்டு’ என்பாரா? ஆளுக்கு ஆள் மாறலாம், ஒரே ஆள் 3ஆம் அத்தியாயத்தில் ஒன்றும் 25இல் ஒன்றும் பேசக் கூடாது.

ஒற்றில் அதிகம் தவறுவது வினையெச்சத்துக்குப் பிறகு. ‘பார்த்துக் கொடுத்தான்’ மிகும், ‘எழுதிக் கொடுத்தான்’ மிகும், ஆனால் ‘வந்து போனான்’, ‘செய்து பார்த்தான்’ மிகாது. கேட்டதையெல்லாம் மிகுவித்து ‘வந்துப் போனான்’ என்று எழுதுகிறவர்கள்தான் இப்போது அதிகம்; விடுபட்ட ஒற்றைவிட வேண்டாத ஒற்று கண்ணைக் குத்துகிறது. ‘கடைபிடித்தான்’ என்றால் அவன் வாடகைக்குக் கடை பிடித்தான். கொள்கையைக் கடைப்பிடித்தான்.

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய நான்கு அத்தியாயம் உண்மையான கண்ணிவெடி. கண்ணுக்குத் தெரியாத பிழைகள் அங்கேதான் இருக்கும். ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டு எழுத்து உட்கார்ந்திருக்கும். அதுபோலவே மௌனம், கௌரவம், பௌர்ணமி எல்லாம் மெ+ள, கெ+ள, பெ+ள என்று இருக்கும். திரையில் பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது, தேடினால் அகப்படாது, கணினி வாசித்தால் ‘மெளனம்’ என்று உடைத்து வாசிக்கும். சரி, ‘மெள’ வருகிற இடத்தையெல்லாம் ஒரே அடியாக மாற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ‘மெள்ள நடந்தான்’ சிதைந்துவிடும். ‘ஒள’வை மாற்றினால் ‘ஒளி’யும் ‘ஒளிந்தான்’உம் போகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

இன்னும் இரண்டு. காலுக்குப் பதில் ர விழுந்திருக்கும்: காலம் ‘கரலம்’ ஆகியிருக்கும். கொ, கோ வரிசையில் கொம்பும் காலும் தனித்தனியாக ஏறியிருக்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும், சில மென்பொருளில் தேடல் தவறும். இவற்றைப் பிடிக்க எளிய வழி, கணினியையே உரக்க வாசிக்கச் சொல்லி, அச்சுப் பிரதியில் விரலோடு பின்தொடர்வது. கண் மன்னித்துவிடும் பிழையைக் காது மன்னிக்காது. ஒரு நாளைக்கு முப்பது பக்கத்துக்கு மேல் வேண்டாம், அதற்குமேல் காதும் மன்னிக்க ஆரம்பித்துவிடும்.


பதினாறுபக்கம்:

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது: யூனிகோடில் ஒரே எழுத்துரு, 12 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி, பக்க எண், மேலே நாவலின் பெயர். பத்தித் தொடக்கத்துக்கு இடைவெளிப் பட்டையைத் தட்டாதீர்கள்; பத்திப் பாணியில் உள்தள்ளல் வையுங்கள். புதிய அத்தியாயத்துக்கு என்டர் பதினைந்து முறை தட்டாமல் பக்க முறிப்பு போடுங்கள். மின்னூலாக மாற்றும்போது உயிர் வாங்குவது இந்த இரண்டும்தான். கூடவே ஒரு பக்கக் கடிதம், இரண்டு பக்கத்துக்கு மிகாத கதைச்சுருக்கம். சுருக்கத்தில் முடிவைச் சொல்லிவிட வேண்டும். ‘மீதியை நாவலில் காண்க’ என்று நிறுத்தினால், முடிக்கத் தெரியாதவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நீளத்தைப் பற்றி அச்சின் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு. டெமி அளவில் (5½ அங்குலம் அகலம், 8½ அங்குலம் உயரம்) வரிக்கு ஏழு சொல், பக்கத்துக்கு முப்பது வரி என்றால் 210 சொல். உரையாடலும் அத்தியாயத் தொடக்கமும் இடம் தின்னும், 200 என்று வையுங்கள். 1,40,000 சொல் 700 பக்கம். முன்கதையில் 15,000 குறைந்தாலே 75 பக்கம் போய்விடும். அச்சகத்தில் தாள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாக, அதாவது 16 பக்கம் சேர்ந்த தொகுதியாக ஓடும். முன்பக்கங்களையும் சேர்த்து 643 பக்கம் வந்தால் 656 ஆகும், 13 பக்கம் வெறுமனே போகும். மூன்று பக்கத்தை எங்கேயாவது இழுத்துப் பிடித்து 640க்குள் கொண்டுவந்தால் சரியாக 40 ஃபாரம். ஓரிரு வரி மட்டும் வழிந்து நிற்கிற அத்தியாயக் கடைசிப் பக்கங்களைத் தேடுங்கள், அந்த மூன்று பக்கம் அங்கே கிடைக்கும்.

முதுகின் அகலம் பக்க எண்ணிக்கை முடிவான பிறகே தெரியும். 640 பக்கம் என்றால் 320 தாள். ஒரு தாளின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றால் 32 மில்லிமீட்டர். ஆனால் ஒரே கிராம் எடையுள்ள இரண்டு காகிதம் ஒரே தடிமனில் இருப்பதில்லை. அச்சாகப்போகும் காகிதத்திலேயே நூறு தாளை அடுக்கி அளந்துவிட்டு அட்டை வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள். முன்பே அட்டையை முடித்துவிட்டால் முதுகெழுத்து முன்னட்டைக்கு நழுவும்.

பக்கப்படி, அதாவது வடிவமைத்த பக்கங்களின் சரிபார்ப்புப் பிரதி வந்ததும் கதையைப் படிக்காதீர்கள், பக்கத்தைப் பாருங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஒரு பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். வரி முறிவை எல்லாப் பக்கத்திலும் பார்க்க வேண்டும். தமிழ்ச் சொல் நீளமானது, வரிமுடிவில் உடைத்தே ஆக வேண்டும், ஆனால் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. ‘வந்தா’ ஒரு வரியில், ‘ன்’ அடுத்த வரியில் என்று நிற்கும். உடைக்கவே விடாவிட்டால் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். இந்தக் கட்டத்தில் வாக்கியம் சேர்க்காதீர்கள். ஒரு வரி கூடினால் அத்தியாயம் முடியும்வரை எல்லா முறிவும் மாறும், பார்த்ததையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும். பொருளடக்கத்தின் பக்க எண்கள் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் பன்னாட்டு அடையாள எண்: 2007 முதல் 13 இலக்கம். தாள் அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் புது எண் வேண்டாம்.

ஒப்பந்தம். எழுதியவுடனே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. 1886இன் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கெல்லாம் இது பொது. ஆகவே கேள்வி, உரிமையை விற்கிறீர்களா, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த அனுமதி கொடுக்கிறீர்களா என்பதுதான். ‘எல்லா வடிவத்திலும், எல்லா மொழியிலும், எக்காலத்துக்கும்’ என்று வந்தால் கையெழுத்துப் போடும் முன் நிறுத்துங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். பதிப்பகம் பயன்படுத்தப் போகாததை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமத்தொகை (ராயல்டி) எத்தனை சதவீதம் என்பதைவிட எதற்கு என்பதைப் பாருங்கள். அட்டை விலையில் 10 சதவீதம் வேறு, நிகர வரவில் 10 சதவீதம் வேறு. விற்பனையாளருக்கு 40 சதவீதம் கழிவு போனால், இரண்டாவது அட்டை விலையில் 6 சதவீதம்தான். ‘அச்சில் இல்லாவிட்டால் உரிமை திரும்பும்’ என்ற விதி இப்போது ஏறக்குறைய செத்துப்போன விதி: கேட்டால் ஒரு பிரதி அச்சடித்துக் கொடுக்க முடிகிற காலத்தில் எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போவதில்லை. வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் திரும்பும் என்று எண் போட்டு எழுதச் சொல்லுங்கள். உங்களிடமே பணம் கேட்டால் அது அச்சுச் சேவை. தவறில்லை, ஆனால் அப்படியே நடத்துங்கள். எத்தனை பிரதி, இருப்பு யாருக்குச் சொந்தம், வடிவமைத்த மூலக்கோப்பு கைக்கு வருமா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

நாவலுக்குள் திரைப்பாட்டு வரி எங்கேயாவது மேற்கோளாக இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். பாட்டின் பெயரைச் சொல்லலாம். வரிகளுக்கு அனுமதி வாங்க அலைய வேண்டும்.


தாழ்வாரம்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். நாவலில் மாலதி, மல்லிகா, மணி என்று மூன்று பெயர் ஒரே எழுத்தில் தொடங்குகிறது. குழப்பம் என்று எனக்கே தெரிகிறது. மணியைக் கதிரவன் என்று மாற்ற நினைக்கிறேன். ரீப்ளேஸ் ஆல் கொடுத்துவிடலாமா?


ஒற்றுப்புள்ளி:

கொடுக்காதீர்கள்! தமிழில் பெயரோடு வேற்றுமை ஒட்டிக்கொண்டு வரும். மணியை ‘கதிரவன்யை’ ஆகும், மணிக்கு ‘கதிரவன்க்கு’ ஆகும். ‘மணிக்கட்டு’, ‘கண்மணி’, ‘பத்து மணிக்கு’ எல்லாம் கூடவே அடிபடும். எதிர்த்திசையிலும் தொல்லைதான்: ‘கண்ணன்’ என்று தேடினால் ‘கண்ணனை’, ‘கண்ணனுக்கு’ அகப்படாது, கடைசி ன்-இல் இருக்கும் புள்ளி தடுத்துவிடும். புள்ளி எழுத்தை விட்டுவிட்டுக் ‘கண்ண’ வரை மட்டும் தேடினால் கண்ணாடியும் கண்ணீரும் சேர்ந்து வரும். ஆகவே ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றுவதைத் தவிர வழியில்லை.

வேலையைக் குறைக்க வேண்டுமென்றால் அதே ஈறுள்ள பெயரை எடுங்கள். மணி இகரத்தில் முடிகிறது, ரவியும் அப்படியே. மணியை ரவியை, மணிக்கு ரவிக்கு, மணியோட ரவியோட, எல்லாம் தானாகப் பொருந்தும். அடுத்ததைத் தேடு, மாற்று என்று ஒவ்வொன்றாகப் போங்கள், நேரம் வருகிற இடத்தில் மட்டும் தாவிவிடுங்கள். முடிந்ததும் ‘ரவிக்’ என்று ஒருமுறை தேடுங்கள். தவறி மாறிய ‘ரவிக்கட்டு’ம் ‘பத்து ரவிக்கு’ம் மாட்டும். ரவிக்கை வந்தால் அதை விட்டுவிடுங்கள்.